சொல்லி அனுப்பிய மனிதர்

எழுதிப் பழக்கமில்லாத கை என்னுடையது. மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒன்றைச் சொல்லத் தொடங்கி இன்னொன்றுக்குப் போய்விடுவேன். எது முந்தி, எது பிந்தி என்பதும் இப்போது தடுமாறுகிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லப்போகிற மனிதருடைய பெயரை எழுதவில்லை. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்லுகிறேன்.

ஊரை விட்டு வந்து நான் இருக்கிற இந்தக் குளிர் நாட்டில், அஜின்கோர்ட் என்ற பகுதியில், எங்கள் முதியோர் கட்டடத்தின் ஏழாம் மாடியில், என் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவருடையது. மனிதர் ஓரிடத்தில் இருக்கமாட்டார். வீட்டுக்குள்ளும் கோட் போட்டிருப்பார், காலில் சப்பாத்தும் போட்டிருப்பார். லிஃப்ட் வாசலில் இருந்து குப்பை போடும் கதவு வரைக்கும் நடப்பார், திரும்புவார், மறுபடி நடப்பார். நான் உள்ளே கறி கிளறிக்கொண்டிருந்தாலும் அந்தச் சப்பாத்துச் சத்தத்தை எண்ணிக்கொண்டுதான் இருப்பேன். சத்தம் நின்றால் எனக்கு என்னவோ போல இருக்கும்.

அவரை நான் முதலில் அறிந்த விதமே ஒரு வேடிக்கை. ஒருநாள் கதவு தட்டிக் கேட்டது. திறந்தால் பக்கத்து வீட்டு பிலிப்பினோ மனுசி நிற்கிறா. தன் ஆங்கிலத்தில் என்னவோ கேட்கிறா. எனக்கு மீன் என்ற சொல் மட்டும் விளங்கியது. அவ கையைக் காட்டிக் காட்டிச் சொன்னபிறகுதான் பிடிபட்டது: எதிர் வீட்டு மிஸ்டர் கேட்கச் சொன்னாராம், இன்றைக்கு என்ன மீன் காய்ச்சுகிறேன் என்று. எட்டிப் பார்த்தால் மிஸ்டர் அவவுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தமிழ் மனிதர், தமிழ் மனுசியிடம் மீன் கேட்க, நடுவில் ஒரு பிலிப்பினோக்காரி. நான் ஒரு கிண்ணத்தில் விளைமீன் குழம்பு போட்டு அவவின் கையில் கொடுத்தேன். அவ திரும்பி அவரின் கையில் கொடுத்தா. அவர் அவவுக்கு நன்றி சொன்னார், அவ எனக்கு நன்றி சொன்னா.

அதுதான் அவர். ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் நேரே கதைப்பார். வாய் ஓயாது. தனக்கு ஒன்று வேண்டுமென்றால் மட்டும் ஆள் விட்டுத்தான் கேட்பார். மொஸ்கோவில் ஆறு வருசம் படித்தவர், இங்கே ஒரு கொம்பனியில் ஆங்கிலத்திலேயே வேலை செய்து ஓய்வெடுத்தவர். ஆனாலும் மாசி மாதக் குளிரில் தன் வீட்டு ஹீட்டர் நின்றபோது, கட்டடம் பார்க்கிறவனிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார். நான் கீழே போய், "ஹீட், நோ" என்று சொல்லிவிட்டு, அவன் திருப்பிக் கேட்டது ஒன்றும் விளங்காமல் மேலே ஓடி வந்தேன். எனக்குப் பொதுவாகவே கூச்சம். நாலு பேருக்கு நடுவில் தும்மக்கூட வெட்கப்படுகிறவள். அப்படிப்பட்டவளைத்தான் அவர் தூதுக்குத் தெரிந்தெடுத்தார்.

அவரிடம் அட்டை கிழிந்த ஒரு தடித்த ரஷ்யப் புத்தகம் இருந்தது. முந்நூறு வருசத்துக்கு முந்தி வாழ்ந்த ஒரு ரஷ்யப் பிரபுவின் சரித்திரம். சார் என்கிற ரஷ்ய மன்னனின் தூதராக நாடு நாடாகப் போனவராம். அவருடைய பெயர் நீளம், என் வாயில் வராது. அண்ணை அதைப் பள்ளிக்கூடக் கொப்பிகளில் தமிழாக்கி எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதை வாசித்துக் காட்ட என்னைப் பிடித்துக்கொண்டார்.

"படிச்ச ஆக்களுக்கு வாசிச்சா அவை பிழை பிடிப்பினம், தங்கச்சி. உங்களுக்கு விளங்கினா ஊருக்கே விளங்கும்" என்றார். அது புகழ்ச்சியா, இகழ்ச்சியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

புதனும் சனியும் காலையில் வாசிப்பு. நான் அவர் வீட்டுக் கதிரையில் இருந்து போஞ்சிக்காய் நறுக்குவேன். அவர் நடந்து நடந்து வாசிப்பார். அந்தப் பிரபு இளவயதில் மன்னனுக்கு எதிர்ப்பக்கம் நின்றுவிட்டாராம். அந்த ஒரு பிழைக்காக ஆயுள் முழுக்கத் தன் விசுவாசத்தைக் காட்டிக்கொண்டே ஓடவேண்டி வந்தது. ஐம்பது வயது தாண்டி, பேரப்பிள்ளைகளும் கண்டபிறகு, கப்பல் வித்தை படிக்க இத்தாலிக்குப் போனார். மன்னனுக்குக் கப்பல் என்றால் உயிர், அதனால் இவருக்கும் உயிர். பிறகு துருக்கிச் சுல்தானிடம் தூதர். யுத்தம் வந்தபோது துருக்கியர் அவரைப் பிடித்துக் கோபுரச் சிறையில் போட்டார்கள். விட்டார்கள், மறுபடி போட்டார்கள். நோயும் வருத்தமுமாய்க் கிடந்து கிடந்து, பன்னிரண்டு வருசத்துக்கு மேல் கழித்துத்தான் ஊர் திரும்பினார்.

"அந்த மனுசனுக்கு வீடு வாசல் இல்லையோ அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வீடு இருந்தது. இருக்க நேரமில்லை" என்றார், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தபடியே.

அந்தப் பிரபுவில் அண்ணைக்கு அவ்வளவு விருப்பம். பிரபு தொப்பியைக் கழற்றினால் அண்ணையின் கையும் தலைக்குப் போகும். தன்னையும் ஒரு தூதர் என்றே அவர் நினைத்தார் என்று எனக்குப் படும். ஆனால் தூதர் என்றால் போகிறவர் அல்லவா? இவர் ஒருநாளும் போகவில்லை, ஆளைத்தான் அனுப்பினார். அது மன்னர் செய்கிற வேலை. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக் கதை வந்தது. மன்னனுக்கும் அவன் மகனுக்கும் ஒத்துவரவில்லை. மகன் களவாக நாட்டை விட்டு ஓடி, வேறொரு ராசாவின் நிழலில் நேப்பிள்ஸ் கோட்டையில் ஒளித்திருந்தான். மன்னன் அவனை அழைத்துவர இந்தப் பிரபுவைத்தான் அனுப்பினான். கையில் கடிதம்: வந்துவிடு, உனக்கு ஒரு தண்டனையும் இல்லை, முன்னையைவிட அன்பாக வைத்திருப்பேன் என்று. பிரபு போய்ப் பேசினார். கொஞ்சம் உண்மை, கொஞ்சம் பொய், கொஞ்சம் பயமுறுத்தல். மகன் இளகிவிட்டான். இரண்டு பேரும் வண்டியில் ஏறினார்கள். அந்த இடத்தில் அண்ணை கொப்பியை மூடினார்.

அடுத்த புதன் வாசிப்பு இல்லை. சனியும் இல்லை. மூன்று கிழமை நடை மட்டும்தான். "அந்தப் பிள்ளை ஊருக்கு வந்து சேர்ந்தானோ?" என்று நான் கேட்டால், "வந்தான்" என்று ஒரு சொல். கடைசியில் ஒருநாள் நின்ற நிலையில் வேகமாக வாசித்து முடித்தார். வந்த மகனை விசாரணையில் போட்டு வதைத்தார்கள், சில மாதத்துக்குள் அவன் சிறைக்குள்ளேயே செத்துப்போனான். பிரபுவுக்கு நிலபுலமும் பெரிய பட்டமும் கிடைத்தன. நான் நறுக்கின போஞ்சிக்காயை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குச் சமைக்க மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து பிலிப்பினோ மனுசி கதவைத் தட்டினா. பின்னால் அவர், வழக்கம்போலச் சுவரைப் பார்த்தபடி. மிஸ்டருக்கு நகரத்தின் மற்ற அந்தத்தில், ரெக்ஸ்டேலில், ஒரு மகன் இருக்கிறாராம். பதினொரு வருசம் பேச்சில்லையாம். மிஸ்டரின் இருதயம் நல்லாயில்லை, ஒப்பரேசன் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். நான் போய் மகனை அழைத்து வரவேண்டுமாம். இதையெல்லாம் எனக்கு விளங்கவைக்க அவ நெஞ்சில் கை வைத்துக் காட்டினா, விரலை மடக்கிப் பதினொன்று எண்ணினா. அதுவரைக்கும் அவருக்கு ஒரு பிள்ளை இருப்பதே எனக்குத் தெரியாது.

மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியாது. அதுதான் என் குறை.

அண்ணை எனக்கு மூன்று வசனம் பாடமாக்கித் தந்தார். அப்பாவுக்கு உங்களில் கோபமில்லை. வந்தால் ஒன்றும் கேட்கமாட்டார். ஞாயிறு மத்தியானம் வரலாம். ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றார். அந்தக் காலத்தில் மன்னனின் பட்டப்பெயரில் ஒரு சொல்லை விட்ட தூதனுக்குச் சவுக்கடியாம். நான் இரண்டு பஸ் மாறி, இரண்டு மணித்தியாலம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த சீன அம்மா எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டா.

மகன் தகப்பனைப் போலவே நல்ல உயரமான நெடுவல். லொறி திருத்துகிற இடத்தில் வேலையாம், விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. என்னை இருத்தி, தானே தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் மூன்று வசனத்தையும் கிளிப்பிள்ளை போல ஒப்புவித்தேன். அவர் சிரித்தார், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

"குறை நினைக்காதேங்கோ அன்ரி. உந்த வேலையை நான் அஞ்சு வயசிலை இருந்து பாத்தனான்."

வீட்டில் தாயும் தகப்பனும் கதைப்பதில்லையாம். அம்மாவிடம் தேத்தண்ணி கேள், அப்பாவிடம் அரிசி முடிந்தது என்று சொல். ஒரே மேசையில் எதிர் எதிரே இருந்து சாப்பிட்டுக்கொண்டே நடுவில் இருந்த இந்தப் பிள்ளையிடம் சொல்லுவார்களாம். எங்கள் பக்கத்திலும் புருசன் பெண்சாதி கோபித்தால் நாலு நாளைக்குப் பிள்ளையை நடுவில் வைத்துக் கதைப்பார்கள், ஐந்தாம் நாள் தானாகத் தீர்ந்துவிடும். எந்த வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் இவர்களுக்கு அது இருபது வருசமாகத் தீரவில்லை. என்ன கோபம் என்றும் மகனுக்குத் தெரியாது.

"அம்மா கடைசியா ஆஸ்பத்திரியிலை. அவவுக்கு நினைவு இருந்தது. இவர் கட்டிலுக்குப் பக்கத்திலை நிண்டுகொண்டு, தண்ணி வேணுமோ எண்டு கொம்மாட்டைக் கேள் எண்டார். நான், நீங்களே கேளுங்கோ அப்பா எண்டு சொல்லிப்போட்டு வெளியிலை போனன். திரும்பி வரேக்கை அம்மா இல்லை. இவர் கேக்கேல்லை அன்ரி. கேட்டிருந்தா அங்கை நிண்ட நேர்ஸ் கண்டிருப்பா."

அதற்குப் பிறகு, செத்தவீட்டுக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போகச்சொல்லி ஒரு மாமா மூலம் சொல்லி அனுப்பினாராம். அதுதான் தகப்பனிடமிருந்து வந்த கடைசிச் சேதி.

நான் வெளிக்கிட, வாசலில் நின்று மகன் சொன்னது: "அவரையே வரச் சொல்லுங்கோ. கதவு பூட்டேல்லை."

நான் வந்து சொன்னேன். அண்ணை அதைச் சொல்லுக்குச் சொல் கேட்டார். நின்று சொன்னானா, இருந்து சொன்னானா? கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னானா? குரல் எப்படி? தேத்தண்ணிக்குச் சீனி போட்டானா? ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினார். மகன் சொன்ன அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறுபடி மறுபடி கேட்டார்.

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் இரண்டாம் சேதி. தகப்பன் மகனிடம் போவது முறையில்லை, அவன்தான் வரவேண்டும். இதைப் போய்ச் சொன்னால் அந்தக் கதவு பூட்டுப்படும் என்று தெரியும். வீட்டு வாசலுக்குப் போனதும் என் வாயில் வேறொன்று வந்துவிட்டது.

"அப்பா உங்களை நினைச்சு அழுறார், தம்பி" என்றேன்.

அவருடைய முகம் அப்படியே மாறியது. எழும்பிப் போய்க் கொளுவியில் இருந்த ஜக்கெற்றை எடுத்தார். ஒரு கையைப் போட்டார். மற்றக் கையைப் போடாமல் நின்றார்.

"எப்ப அழுதவர்? நீங்கள் கண்டனீங்களோ?"

எனக்குப் பொய் சொல்லவும் வராது, சொன்னதைக் காப்பாற்றவும் வராது. நிலத்தைப் பார்த்தேன். அவர் ஜக்கெற்றைக் கழற்றித் திரும்பவும் கொளுவினார்.

"அவர் அழுதிருந்தா இப்பவே வந்திருப்பன், அன்ரி" என்று மட்டும் சொன்னார். ஏசவில்லை. பஸ் தரிப்பு வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் வெட்கம்.

அந்தப் பிரபு நேப்பிள்ஸில் செய்ததைத்தான் நானும் செய்தேன். அவர் கெட்டித்தனமாகச் செய்தார், எனக்கு அதுவும் வரவில்லை. அந்தக் கிழமையே மாதா கோயிலில் அந்தப் பொய்யைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாவம் கேட்ட சுவாமி மூன்று தரம் அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். முப்பது சொன்னேன். நித்திரை வரவில்லை. அங்கே வெளியில் அந்தச் சப்பாத்துச் சத்தமும் நிற்கவில்லை, ஆனால் நடை குறுகிவிட்டது. லிஃப்ட் வரைக்கும் போகாமல் பாதியில் திரும்பினார்.

தை மாதம் மூன்றாம் சேதியோடு அண்ணை தானே வந்தார். என்ன சேதி என்று நான் கேட்கவில்லை.

"நான் போகமாட்டன் அண்ணை. சொல்லுறதை நீங்களே போய்ச் சொல்லுங்கோ" என்றேன். என் புருசனிடம்கூட நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் நடையை நிறுத்தினார். தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு கிழமை வாசிப்பும் இல்லை, நடையும் இல்லை. நான் என் கதவில் காதை வைத்து வைத்துப் பார்த்தேன். மனிதர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் கதவு தட்டிக் கேட்டது. பிலிப்பினோ மனுசி. மிஸ்டர் கேட்கச் சொன்னாராம்: ரெக்ஸ்டேலுக்கு எத்தனையாம் நம்பர் பஸ்?

பின்னால் அவர் நின்றார். இந்தமுறை சுவரைப் பார்க்கவில்லை, தன் சப்பாத்தைப் பார்த்தார்.

அந்த இருதயத்தோடு தனியாக விட எனக்கு மனமில்லை, நானும் போனேன். பஸ்ஸில் ஒரு பிள்ளை எழும்பி இடம் கொடுத்தும் இருக்கமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தரிப்பிலும் கதவு திறக்கிறபோது ஒரு காலை எடுத்து வைப்பார், பிறகு பின்னுக்கு எடுப்பார். "இந்த பஸ் திரும்பி வரேக்கையும் இதாலைதானே வரும்?" என்று இரண்டு தரம் கேட்டார்.

மகனே கதவைத் திறந்தார். பனி தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"சாப்பிட்டவனோ எண்டு கேளுங்கோ" என்றார்.

மகன் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டுவிடலாம், இரண்டு சொல்தானே என்று நாக்கு துடித்தது. என் கையுறையின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்து வீட்டில் ஒருவர் பனி வழித்துக்கொண்டிருந்தார், அந்தச் சத்தம் மட்டும்தான். அண்ணைக்கு மூச்சு வாங்கியது. மகனின் கை கதவுப் பிடியில் இறுகியிருந்தது.

"பஸ்ஸிலை சரியான சனம்" என்றார் அண்ணை. என்னிடம் அல்ல.

மகன் கதவுப் பிடியை விட்டார். பிறகு, "ஓம், வியாழக்கிழமையிலை உப்பிடித்தான்" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. ஈரம்" என்றார்.

அண்ணை குனிந்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். அவரைச் சப்பாத்து இல்லாமல் நான் அதுவரைக்கும் கண்டதில்லை. மகன் என்னையும் உள்ளே கூப்பிட்டார். பஸ் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு நான் வந்துவிட்டேன். பஸ் வர இருபது நிமிசம் ஆனது. அந்த வீட்டுக் கதவு திரும்பத் திறக்கவில்லை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வருவார். இரண்டு பேரும் ஏழாம் மாடியில் சேர்ந்து நடப்பார்கள். பெரிதாக ஒன்றும் கதைக்கமாட்டார்கள். பனியைப் பற்றி, லொறி எஞ்சினைப் பற்றி. தாயைப் பற்றிக் கதைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. சித்திரை மாதம் இருதயம் நின்று அண்ணை போய்விட்டார். நான் விரல் விட்டு எண்ணினேன், பதினொரு ஞாயிறு. ஐப்பசியில் முதல் தரம் கேட்டபோதே மாட்டேன் என்று சொல்லியிருந்தால் இன்னும் எத்தனை ஞாயிறு கிடைத்திருக்கும்? வாய் செத்த என் கூச்சம் எத்தனையைத் தின்றது? இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

கடைசிக் கொப்பியைப் பங்குனி மாதம் எனக்கு வாசித்துக் காட்டினார். மன்னன் செத்தபிறகு பிரபுவுக்குக் காலம் சரியில்லை. பட்டம் பறிபோனது. எண்பது வயது தாண்டியவரை, அவருடைய மகனோடு சேர்த்து, வடகடலில் ஒரு தீவு மடத்துக்குக் கைதியாக அனுப்பினார்கள். அங்கே மகன் முதலில் செத்தான், பிறகு தகப்பன். அதோடு எழுத்து நிற்கிறது.

இப்போது பதினாலு கொப்பியும் மகனிடம். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் எனக்குப் போன் எடுத்து, விளங்காத இடத்தைக் கேட்பார். போன கிழமை அந்தத் தீவுக்கு வந்துவிட்டார். "தேப்பனையும் மகனையும் ஒரே அறையிலையோ அன்ரி வைச்சிருந்தவை?" என்று கேட்டார். கொப்பியில் அது இல்லை, அண்ணையும் சொல்லவில்லை. நான், "ஓம் தம்பி, ஒரே அறையிலைதான்" என்று சொல்லிவிட்டேன். அவர் சரி அன்ரி என்று போனை வைத்தார்.

ரஷ்யச் சரித்திரம் படித்தவர்கள், அந்தப் பாஷை தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், அந்தப் பிரபுவையும் மகனையும் அங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்று பார்த்து எனக்கு அறிவிக்க வேண்டும். வேறு வேறு அறை என்றால், போனில் சொல்லமாட்டேன். இரண்டு பஸ் எடுத்துப் போய், அவருக்கு நேரே நின்று, நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லவேண்டும்.